பறங்கிக்குச் சொன்ன புத்தி: வேற்றூரில் குடியிருப்போர்க்கான வழிகாட்டி நூல்கள் பற்றிச் சில எண்ணங்கள்

நம் சங்கத்தில் இரண்டு வருஷமாக ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தமிழகத்திலிருந்து மாற்றலாகியும் தொழில் தேடியும் ஹவுரா, கொல்கத்தா பக்கம் புதிதாக வரும் குடும்பங்களுக்கு ஒரு கையேடு போட வேண்டும் என்று. சாந்த்ராகாச்சியில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது, பிள்ளைகளை எங்கே சேர்ப்பது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும், வங்காள மொழியில் நாலு வார்த்தை எப்படிப் பேசுவது, இத்தனையும் அறுபது பக்கத்துக்குள். இளைஞர்கள் சிலர் முதல் படியை எழுதி முடித்து, "ஐயா, படிச்சுப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுங்க" என்று என் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். தென்னிந்திய மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். புதிதாக வருகிறவர்கள் பெட்டியை இறக்கிய மறுநாள் புளிக்கும் காபித்தூளுக்கும் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். அந்த உரிமையில் கொடுத்தார்கள் போலும்.

ஒரு சரக்கின் தரம் பார்க்க வேண்டுமானால் அதே இனத்துச் சரக்கு நாலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வியாபாரி வழக்கம். நூலுக்கும் அதுவே முறை என்று கொண்டு, வேற்றூரில் போய்க் குடியிருப்போருக்குப் புத்தி சொல்லும் நூல்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இன்றைக்கு இவ்வகை நூல்கள் மலிந்து கிடப்பது தாய்லாந்தில் குடியேறும் மேனாட்டாருக்காக. நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்பு மலிந்து கிடந்தது இதே வங்காளத்துக்கு வந்த மேனாட்டாருக்காக. இரண்டுக்கும் முன்பே நம் தமிழில் இதற்கென்று ஓர் இலக்கிய வகை இருந்தது. இம்மூன்றையும் ஒரே தராசில் வைப்பது பொருந்துமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

முதலில் தாய்லாந்து. அங்கே வெள்ளைக்காரரை "ஃபரங்" என்கிறார்கள். நமக்குத் தெரிந்த பறங்கிதான் அது. ஃப்ராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபியர், பாரசீகர் வாய்வழி கிழக்கே வந்து, நம்மிடம் பறங்கியாகி, வங்காளத்தில் ஃபிரிங்கியாகி, சயாமில் ஃபரங் ஆயிற்று. நமக்குப் பறங்கிமலை, பறங்கிப்பேட்டை. கொல்கத்தாவில் பௌபஜாரில் ஃபிரிங்கி காளிபாடி. சயாமியர் கொய்யாப்பழத்துக்கும் ஃபரங் என்றே பெயர் வைத்தார்கள். நாம் பறங்கிக்காய் என்று ஒரு காய்க்கு வைத்தோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொய்யாவும் பறங்கிக்காயும் இன்று யாருக்கும் அந்நியம் இல்லை. கூடவே வந்த மனிதன் மட்டும் பறங்கியாகவே நின்றுவிட்டான். நாற்பது வருஷம் ஆன பிறகும் என்னை இங்கே "மாத்ராஜி" என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு; ஆகவே அந்த ஃபரங் மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம்.

அவனுக்காக எழுதப்படும் நூல்களின் சாரம் பெரும்பாலும் ஒன்றே. ஐம்பது வயது கடந்தவன் ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி பெறலாம். அதற்கு வங்கியில் 8 லட்சம் பாட் வைத்துக் காட்டுவது ஒரு வழி. 90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக்குத் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். அயல்நாட்டான் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதுவும் அக்கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்குள் அயலார் பங்கு இருக்க வேண்டும். இவை வேண்டிய செய்திகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வருவது ஆசாரம். பிறர் தலையைத் தொடாதே, காலை நீட்டி எவரையும் சுட்டாதே, பெண்கள் பிக்குகளைத் தொடலாகாது, காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாட்டுப்பண் ஒலித்தால் அசையாமல் நில், அரச குடும்பத்தைப் பற்றி வாய் திறக்காதே, சிறை உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லாத புத்தி இதில் பாதி இல்லை. கால் நீட்டக் கூடாது என்பதற்கு ஒரு வெள்ளைக்காரர் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவதாக வருவது பணமும் கல்யாணமும். வடகிழக்குத் தாய்லாந்துக்கு ஈசான் என்று பெயர். நம் ஈசானி மூலைதான். அங்கே பெண் எடுத்துக் குடியிருக்கும் மேனாட்டார் பலர். மணமகன் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் "சின்சோத்" என்ற பரிசப்பணத்தைப் பற்றி எழுதாத நூல் இல்லை. எவ்வளவு கேட்பார்கள், எப்படிக் குறைப்பது, மாமனார் வீட்டுக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா. எழுதியிருப்பதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாமனார் ஒரு வார்த்தை பேசுவதாக எங்கும் இல்லை. மகளை மொழி தெரியாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு அவர் என்ன நினைத்தார் என்று எழுதுபவருக்குத் தோன்றவில்லை. ஊர்க்காரர் இந்நூல்களில் ஒரு பழக்கவழக்கப் பட்டியலாக வருகிறார். வாசகர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்ள வேண்டும்.

இதில் விலக்கு உண்டு. "கல்ச்சர் ஷாக்" வரிசையில் 1982இல் முதலில் வெளிவந்த தாய்லாந்து நூலை ராபர்ட் கூப்பரும் நந்தபா கூப்பரும் சேர்ந்து எழுதினார்கள். கணவன் மேனாட்டார், மனைவி அந்நாட்டுக்காரர். ஆசிரியரில் பாதி ஊர்க்காரராக இருந்தால் நூலின் சுருதியே மாறிவிடுகிறது. இந்த நாட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதோடு, நாங்கள் உன்னைப் பார்த்து எங்கே முகம் சுளிக்கிறோம் என்பதையும் சொல்ல அப்போதுதான் வாய் உண்டு. ஆகவே நான் எடுத்துக்கொண்ட உரைகல் இது: வழிகாட்டி நூலில் உள்ளூர்க்காரர் வாய் திறக்கிறாரா?

அதே தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளம் ஒன்று தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோர் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. மணிக்கிராமம் வணிகர் குழு. நம் ஆட்கள் அங்கே அயலாராகப் போயிருந்த காலம் அது. கல்லில் வெட்டி வைக்க அவர்கள் தேர்ந்தது ஒரு குளத்துச் செய்தி. சிதைந்த கல், அதற்கு மேல் அதைப் பேசவைப்பது நியாயமில்லை.

இனி நம் வங்காளத்துக்கு வருவோம். காப்டன் தாமஸ் வில்லியம்சன் என்பவர் வங்காளப் படையில் ஏறத்தாழ இருபது ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பிப்போய், 1810இல் லண்டனில் "கிழக்கிந்திய வாடே மேகம்" என்ற பெயரில் இரண்டு தொகுதி வெளியிட்டார். என்னோடு வா என்று பொருள்படும் லத்தீன் தொடர் அது. கும்பினி வேலைக்குக் கப்பல் ஏறும் வெள்ளைக்கார இளைஞனுக்கு என்னென்ன துணி எடுத்துப் போக வேண்டும் என்பதில் தொடங்கி, கொல்கத்தாவில் வீடு, வெயில், நோய், கூலி வரைக்கும் எழுதியிருக்கிறார். வேலைக்காரர் பட்டியல்தான் அதில் பெரிய விருந்து. மேசைக்குக் கான்சாமா, தண்ணீர் குளிரவைக்க ஆப்தார், ஹூக்காவுக்கென்று ஒரு ஹூக்காபர்தார், கணக்குக்குச் சர்க்கார், எல்லாவற்றுக்கும் மேலே பனியா. ஒவ்வொருவரும் நடுவில் எடுக்கும் தஸ்தூரி பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது, படாபஜாரில் கொள்முதலுக்குப் போன என் முதல் வாரம் நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்த்ததை எழுதியவர் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்துக் கொல்கத்தாவில் ஒரு வீடு எப்படி நடந்தது என்று அறிய இன்றும் அதைப் புரட்டத்தான் வேண்டும்.

அந்நூலில், துரைமார் வீட்டில் மனைவி போல வாழ்ந்த இந்தியப் பெண்களைப் பற்றியும், அவர்களுக்கு ஆகும் மாதச் செலவு பற்றியும் எழுதியிருந்தார். பிறகு, வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இந்துஸ்தானி கற்பித்த கில்கிறிஸ்ட் 1825இல் அந்நூலைத் திருத்தி வெளியிட்டபோது அப்பகுதிகளை எடுத்துவிட்டார். குடும்ப மலர் ஆகையால் நானும் விரிக்கவில்லை. ஆனால் மதிப்பிடுபவன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பதிப்பில் அந்தப் பெண் ஒரு செலவுக் கணக்காக இருந்தாள். இரண்டாம் பதிப்பில் அதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தவள், மொழி தெரிந்தவள், நோயில் பக்கத்தில் இருந்தவள். துரைக்கு உண்மையில் ஊரைக் கற்றுக்கொடுத்தவள் அவளாகத்தான் இருந்திருக்க முடியும். இரண்டு பதிப்பிலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

1888இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து எழுதிய இல்லப் பராமரிப்பு நூல், துரைசானிகளுக்கானது. அம்மையார் ஸ்டீல் நெடுங்காலம் பஞ்சாபில் இருந்தவர், மொழியை நன்றாகக் கற்றவர். வேலைக்காரரிடம் பேச மொழி படியுங்கள் என்று துரைசானிகளை அவர் விடாமல் வற்புறுத்துவதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எதற்குப் படிப்பது? ஆணையிடுவதற்கு. வீட்டை ஆள்வதும் நாட்டை ஆள்வதும் ஒரே வித்தை என்பது அந்நூலின் அடிப்படை. வேலைக்காரன் அதில் வயதான குழந்தை. காலனி ஆட்சியின் மொழி நூல்கள் எல்லாமே ஏவல் மொழியைக் கற்பிப்பவை என்று அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் கோன் 1985இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அதைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இலங்கைத் தோட்டத் துரைமாருக்காக அச்சிட்ட தமிழ்க் கையேடுகளின் தலைப்பை மட்டும் பார்த்தால் போதும். கொழும்பில் ஃபெர்குசன் எழுதிய சின்னத்துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டிக்குப் பெயரே "இங்கே வா". 1915இல் வெல்ஸ் எழுதியதற்குப் பெயர் "கூலித் தமிழ்". தொல்காப்பியம் முதல் வந்த மொழியில் ஒரு துரைக்கு வேண்டியிருந்தது இரண்டே சொல். தேயிலைக் கொழுந்து பறித்தவள் திருப்பி என்ன சொன்னாள் என்று கற்பிக்க ஒரு பாடம் வேண்டுமல்லவா? அதற்கு அவசியம் இருந்ததாக அவர்கள் எண்ணவில்லை.

நம் பக்கம் வருகிறேன். ஆற்றுப்படை என்றால் பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் அனுப்புவது என்று பள்ளியில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாத்தை யாராவது ஒரு பயணக் கையேடாக நினைத்துப் படித்துப் பாருங்கள். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி, செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்வது. இன்றைய செங்கம் பக்கம். வந்தவாசிக்காரனான எனக்கு ஏறத்தாழ அண்டை ஊர். பன்றிக்கு வெட்டிய பொறிகள் வழியில் இருக்கும், விடியட்டும், பிறகு நடங்கள். தினைப்புனம் காப்பவர் யானைக்கு எறியும் கவண்கல் உங்கள் மேல் விழும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். வழுக்குப் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் வழி தவறினால் அலையாமல் ஒரு பாறை மேல் உட்கார்ந்து உங்கள் வாத்தியங்களை இசையுங்கள். கேட்டுக் கானவர் வந்து வழி சேர்ப்பார்கள். சிற்றூரில் இன்னாருடைய கூத்தர் என்று சொல்லி உறவுக்காரரைப் போல உள்ளே போங்கள்.

சாப்பாட்டுப் பகுதியில் புலாலும் கள்ளும் மிகுதி. சமணனான நான் அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன். தாண்டி வந்தால் ஓர் இடம் இருக்கிறது. கிளை பிரியும் சந்தியில், புதிதாக வரும் நீங்கள் தரையைத் துடைத்து அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான் வழி சொல்லும் கூத்தன். பின்னால் வருகிறவன் திகைக்காமல் இருக்க. வழி கேட்கிறவனையே வழி காட்டுகிறவனாகவும் ஆக்கும் இந்தச் சிறு யோசனை வில்லியம்சனின் இரண்டு தொகுதியில் எங்கும் இல்லை.

ஆற்றுப்படை இன்றும் நடப்பதை என் கடையிலேயே பார்க்கிறேன், எதிர்த்திசையில். வேலூர் கிறித்துவ மருத்துவமனைக்கு வைத்தியத்துக்குப் போகும் வங்காளிகள் எத்தனை பேர் என்று இங்கே குடியிருக்கும் எவருக்கும் தெரியும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கியது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை தொங்குகிறது; விடுதிக்காரர், மருந்துக்கடைப் பையன் எல்லாரும் வங்காளம் பேசுகிறார்கள். கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து, "தாதா, காட்பாடியில இறங்கி எப்படிப் போகணும்? மீன் சோறு எங்க கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். மீன் சோற்றுக்கு வழி சொல்ல நான் ஆளில்லை. போய் வந்த வேறு வங்காளியிடம் அனுப்பிவிடுவேன். திரும்பி வந்தவர்கள் ஒன்று விடாமல் சொல்வது, அங்கே ஒருவர் தங்கள் மொழியில் "பயப்படாதீங்க" என்றார் என்பதைத்தான்.

சிலப்பதிகாரத்தில் வழிகாட்டி கவுந்தி அடிகள். சமணப் பெண் துறவி. எங்கள் வீடுகளில் கவுந்தி என்றால் ஒரு தனி மரியாதை. அதனால் எனக்குப் பட்சபாதம் இருக்கிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியை நாடுகாண் காதையில் அவர் கோவலனுக்கு விவரிக்கிறார். சோலை வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழியைப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், கால் இடறும். பழுத்த பலாவில் மோதிக்கொள்ள நேரும். வயல் வழியே போனால், நீர்நாய் கவ்விய வாளைமீன் பாய்வதைக் கண்டு கண்ணகி அஞ்சுவாள். கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து குளத்து நீரில் தேன் கலந்திருக்கும், தாகத்தில் அறியாமல் குடித்துவிடுவாள். தேன் எங்களுக்கு விலக்கு. கடைசியாக, நீர்க்கரையில் நடக்கும்போது நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டுச் சாகும், அந்தத் துன்பம் பொறுக்க முடியாது என்கிறார்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் மற்ற எல்லா வழிகாட்டி நூலும் கவுந்தியிடமிருந்து பிரிந்துவிடுகின்றன. தாய்லாந்து நூலானாலும் வங்காள நூலானாலும், ஏன் மலைபடுகடாமானாலும், ஊர் உன்னை என்ன செய்துவிடும் என்றே எச்சரிக்கின்றன. நீ ஊரை என்ன செய்துவிடுவாய் என்று எச்சரித்தவர் கவுந்தி. புதிதாக வருகிறவன் காலடியில் எது நசுங்கும்? இந்தக் கேள்வியை வாடகை வீடு பார்க்கும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எவ்வளவு பொருந்துகிறது!

மதுரைக்கு வந்ததும் கவுந்தி புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு காரியம் செய்கிறார். கண்ணகியை மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியோ கோவலன் சமண விரதம் காப்பவன் என்று அறிந்து, புதுப் பாத்திரங்களும், சாலி அரிசியும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், பால் வகையும் கொடுத்துச் சமைக்க ஏற்பாடு செய்கிறாள். பகலிலேயே உண்ண வேண்டும் என்பதும் அவள் வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. தான் சமைத்ததை வலிந்து ஊட்டவில்லை. விருந்தினரின் நெறி என்ன என்று அறிந்து அதற்கேற்பப் பொருள் தருகிறாள். பரிசோதிக்க வந்தவர்கள் போலப் பழக்கவழக்கப் பட்டியல் போடும் நூல்கள் ஆயிரம் வரட்டும், கொலைக்களக் காதையின் அந்தச் சில அடிகளுக்கு ஈடாகாது.

ஆனால் கோவலன் மடிந்தானே, அத்தனை வழிகாட்டலும் எதற்கு ஆயிற்று என்று கேட்கலாம். வியாபாரியாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கவுந்திக்குக் காடும் வயலும் தெரியும், மாதரிக்கு அடுக்களை தெரியும். இருவருக்கும் கடைவீதி தெரியாது. கோவலனோ வணிகன், கடைவீதி எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான். ஊர்காண் காதையில் இரத்தினக் கடை, பொன் கடை, கூல வீதி எல்லாம் சுற்றிப் பார்க்கிறான். ஒரு மதுரை வணிகனிடம் நின்று பேசியதாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. மறுநாள் சிலம்போடு போகிறவன் விலை கேட்டுப் பேசும் முதல் ஆள் அந்தப் பொற்கொல்லன். புது ஊரில் எந்தத் துறையில் நமக்கு எல்லாம் தெரியும் என்று இருக்கிறோமோ அங்கேதான் ஊர்க்காரர் துணை வேண்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நம் இளைஞர்களின் முதல் படிக்குத் திரும்பினேன். வீடு, கேஸ், பள்ளி, ரயில் பற்றிய பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. கோரமண்டல் இப்போது ஷாலிமாரிலிருந்து கிளம்பி சாந்த்ராகாச்சியில் நின்று போகிறது என்பது வரை சரியாகக் குறித்திருக்கிறார்கள். இடிப்பது மொழிப்பகுதி. நாற்பது வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது ஏவல். "ஜோல் ஆனோ", தண்ணீர் கொண்டு வா. "தாம் கொமாவ்", விலையைக் குறை. "தாடாதாடி கொரோ", சீக்கிரம் செய். நம் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், துரைமார் இல்லை. ஆனால் எழுதியிருப்பது "இங்கே வா"வின் வங்காளப் பதிப்பு. வங்காளத்தில் முன்னிலைக்கு மூன்று படி உண்டு: ஆப்னி, துமி, துய். நம் நீங்கள், நீ போல இரண்டில் அடங்காது. இந்த ஏவல் எல்லாம் துமியில் இருக்கிறது. ரிக்‌ஷா ஓட்டும் அறுபது வயதுக்காரரிடம் புதிதாக வந்த பையன் இதை ஒப்பித்தால் அவர் என்ன நினைப்பார்? "ஆனுன்", "கொமான்" என்று மரியாதை வடிவத்தைப் போட வேண்டும். முன்னால் "ஏக்டு" சேர்க்க வேண்டும். நம் "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பதில் உள்ள கொஞ்சம்தான் அது. வீட்டு வேலைக்கு வருகிறவரை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாசி என்பார்கள், அதாவது சித்தி, பெரியம்மா முறை. அந்த முறைச்சொல் படியில் ஒன்றுகூட இல்லை.

இல்லாதது இன்னும் ஒன்று. வங்காளி வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. "ஆஷ்சி" என்பார், வருகிறேன் என்று பொருள். நாம் "போயிட்டு வரேன்" என்பதேதான். இரண்டு மொழிக்கும் குலம் வேறு, எழுத்து வேறு. வாசற்படியில் மட்டும் ஒரே சொல். நாற்பது வாக்கியத்தில் முதல் வாக்கியமாக இது இருந்தால் புதிதாக வரும் நம் அம்மாக்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

கேள்வி வாக்கியங்கள் சில சேர்க்கச் சொன்னேன். அதில் ஒன்று, "தேஷேர் பாடி கோத்தாய்?" சொந்த ஊர் எது என்ற கேள்வி. என் பக்கத்து வீட்டு மாசிமாவிடம் வந்த புதிதில் இதைக் கேட்டேன். பாரிசால் என்றார். 1947க்குப் பிறகு அது வேறு நாடு. சிறுமியாக வந்தவர், திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. நான் வருஷத்துக்கு ஒருமுறை மேல்சித்தாமூர்த் தேருக்குப் போய் வருவதைக் கேட்டு, "நீ குடுத்து வெச்சவன்" என்றார். ஊர்க்காரர், வந்தவர் என்று நாம் போடும் கோடு எவ்வளவு மெலிசு என்று அன்றைக்குத்தான் பட்டது. நம் தெருவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்பதைக் கையேடு கேட்கவே இல்லை.

அதனால் நான் சொன்ன முக்கியமான யோசனை, அச்சுக்கு அனுப்புமுன் படியை ஒரு வங்காளியிடம் வாசித்துக் காட்டுங்கள் என்பது. இரண்டொருவர் தயங்கினார்கள். "நம்ம ஆட்களுக்காக எழுதுறதை அவங்க எதுக்குப் பார்க்கணும்?" நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசிமாவையே உட்காரவைத்து, பக்கம் பக்கமாக வங்காளத்தில் சொல்லிக்கொண்டு வந்தோம். வீடு பற்றிய பக்கத்தில் தலையாட்டினார். மீன் நாற்றம் இல்லாத தெருவாகப் பார்க்கவும் என்ற வரியில் சிரித்துவிட்டு, எங்களுக்கு உங்கள் பெருங்காயம் அப்படித்தான் என்றார். அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

உணவுப் பக்கத்தில், இப்பகுதியில் சைவ உணவு கிடைப்பது அரிது என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கணவர் போய் முப்பது வருஷம். அவர் தாயாருக்கும் அப்படியே. வங்காளத்து நிராமிஷ் சமையல் என்பது பெரும்பாலும் விதவைகள் கையில் வளர்ந்தது. அதில் வெங்காயம், பூண்டு கிடையாது. மசூர் பருப்பைக்கூட அசைவத்தோடு சேர்த்துத் தள்ளிவைப்பார்கள். எங்கள் சமண வீட்டுக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு நெருங்கி வரும் சமையல் வேறு எங்கே உண்டு? பேனாவைக் கொடு என்று வாங்கி, அரிது என்ற சொல் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி அடித்தார். ஓரத்தில் வங்காள எழுத்தில் வரிசையாக எழுதினார்: சுக்தோ, வாழைப்பூவில் மோசார் கொண்டோ, வாழைத்தண்டில் தோட், பங்குனி சித்திரையில் வரும் பிஞ்சுப் பலாவில் ஏஞ்சோட். மாதரி கொடுத்த அதே பலாக்காய். கடைசியாக ஓல் என்று எழுதினார். சேனைக்கிழங்கு; சாந்த்ராகாச்சி ஓல் என்றால் வங்காளம் முழுக்கப் பேர் போனது. எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மண்ணுக்குள் விளைவதை நான் தொடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். "இது உனக்கில்லை, மத்தவங்களுக்கு" என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.